முந்நூறு குழிக் குளம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து கடலை நோக்கிப் போகும் சாலையில், நிறுத்தலாமா வேண்டாமா என்று டிரைவர் கடைசிவரை யோசிக்கிற ஒரு நிறுத்தத்தில் இறங்கினால் எங்கள் கீழநெய்விளாகம், அந்த ஊரில் போன பங்குனியிலும் சித்திரையிலும் ஒரு குளம் அந்தரத்தில் நின்றது, அதற்காக நீங்கள் வாயைப் பிளக்க வேண்டாம், நாங்கள் யாரும் பிளக்கவில்லை, அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, அது குளமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இருநூற்றுப் பதினான்கு பேர் அப்படிச் சொன்னோம். அதில் நானும் ஒருவன், ஒருவன் என்ன, முதல் ஆளே நான்தான். என் பெயர் அமிர்தலிங்கம். எண்ணெய்க் கம்பெனியின் கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிலக் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற கிளார்க்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி எங்கள் ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தபோது, அஸ்ஸாமிலிருந்து போரா என்று ஓர் இன்ஜினீயரும் வந்தார், மெலிந்த மனிதர், சாப்பிடும்போது கூடத் தொப்பியைக் கழற்றாதவர், தமிழில் அவருக்கு அப்போது ஒரு வார்த்தையும் தெரியாது. எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு முதலில் வேண்டியது எண்ணெய் இல்லை, தண்ணீர். தண்ணீரில் களிமண் தூளைக் கரைத்துக் கூழாக்கி, அதற்கு மட் என்று பெயர் வைத்து, குழாய் வழியாக பூமிக்குள் அனுப்புவார்கள், அது கீழே போய்ப் பாறைத் துகளை வாரிக்கொண்டு மேலே வரும், வந்த சேற்றையெல்லாம் கொட்டிவைக்க ஒரு பெரிய பள்ளம் வேண்டும். போரா பட்டாக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்து, இது என்ன வார்த்தை என்று என்னைக் கேட்டார். சிங்காரவல்லியின் பட்டா அது. 'குளம், முந்நூறு குழி' என்று எழுதியிருந்தது, அவர் விரல் குழியின் மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் குழி என்றால் நில அளவு. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஓர் ஏக்கர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவனுக்கும் இது தெரியும், எனக்குத் தெரியாதா. ஆனால் கேட்கிறவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொல்வதுதான் நான் இருபது வருஷமாகப் பார்க்கிற உத்தியோகம். போராவுக்குப் பள்ளம் தேவைப்பட்டது. பள்ளம்தான் சார், பெரிய பள்ளம் என்றேன். அவர் முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார், எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது.

வார்த்தை தெரியாத ஒருவருக்கு நான் சொன்ன பொய்யை, வார்த்தை தெரிந்த ஊர் ஒன்றுகூடி உண்மையாக்கியது. ஊராட்சித் தலைவர் உத்திராபதிக்கு ஒரு பயம், இங்கே இல்லையென்றால் தன் வயலில் வெட்டிவிடுவார்கள் என்று. மற்றவர்களுக்கு ஓர் ஆசை, வாட்ச்மேன் வேலை, லாரி ஓட்டம், கேட்டில் டீக்கடை. கோயில் மண்டபத்தில் காகிதத்தை விரித்தார்கள், 'நாங்கள் அறிந்த நாள் முதல் அது குழிதான், அதில் தண்ணீர் நின்று பார்த்ததில்லை' என்று நானே என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன், அந்தக் குளத்தில் நீச்சல் பழகியவர்கள், அந்தக் குளத்தில் மாடு கழுவியவர்கள், காலையில் அதில்தான் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்திருந்த நாட்டாமை, எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பட்டாக்காரி சிங்காரவல்லி மட்டும் போடவில்லை, ஊர் சொன்னதே போதும் என்று கம்பெனி எடுத்துக்கொண்டது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைக் குளத்துக்குள் விரிப்பதற்கு முன்னால், அதிலிருந்த தண்ணீரையே லாரி லாரியாக உறிஞ்சித்தான் மட் கரைத்தார்கள், பிறகு அந்தத் தண்ணீர் சேறாகத் திரும்பி வந்து அதே இடத்தில் விழுந்தது. குளத்தங்கரையில் அவளுக்கு இரண்டு மா கத்திரித் தோட்டம் இருந்தது. அது ஒரே கோடையில் காய்ந்தது. அவள் புருஷன் வைத்தியநாதன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார், குளத்துல தண்ணி நின்னா சொல்லு, வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஐந்து வருஷம் போனது. பிறகு, ஆற்றிலோ நிலத்திலோ இனி ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கக் கூடாது, உங்கள் சேற்றிலிருந்தே பிழிந்துகொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. போரா ஒரு மெஷின் கொண்டுவந்தார். அதிரும் சல்லடை இரண்டு, அசுர வேகத்தில் சுற்றுகிற ஓர் உருளை, படிகாரம் போலச் சேற்றைத் திரட்டுகிற ஒரு தூள். குழிக்குள்ளிருந்து சேற்றை இழுத்தால் ஒரு பக்கம் மண் கட்டியாக விழும், அதைச் செங்கல்லாக அறுத்தார்கள், இன்னொரு பக்கம் தண்ணீர் தெளிந்து வரும், அதை அடுத்த கிணற்றுக்கு அனுப்புவது ஏற்பாடு. எங்கள் ஊரில் யோக்கியமாக நடந்துகொண்டது அந்த மெஷின் ஒன்றுதான். எது அழுக்கு, எது தண்ணீர் என்று அதற்குத் தெரிந்தது, தெரிந்தபடி செய்தது.

முதல் நாள் காலை பத்து மணிக்குத் தெளிந்த தண்ணீர் குழாய் முனைக்கு வந்தது, தொட்டிக்குள் விழாமல் மேலே ஏறியது, ஏறிப் போய்க் குழிக்கு நேர் மேலே, கரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு நின்றது. மறுநாள் ஒரு களம் அகலத்துக்கு நின்றது. சேறு குறையக் குறைய அது பெருத்தது. நாற்பது நாளில் கீழே குழி காய்ந்து கறுப்பு விரிப்பு வெயிலில் பளபளக்க, மேலே முந்நூறு குழிக்கும் ஒரு குழி கூடாமல் குறையாமல், வடகிழக்கில் இருந்த அந்தச் சின்னக் கோணல் உட்பட, பழைய குளம் அப்படியே நின்றது. கெண்டைகள் ஓடின. எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று நாள் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் பார்த்தார்கள். சொட்டவில்லை என்றதும் குடையை மடக்கினார்கள். சித்திரை வெயிலில் அதன் நிழல் அப்படிக் குளிர்ந்தது, வெளிச்சம் பச்சையாக ஆடியது, உடனே டீக்கடை கேட்டிலிருந்து குழிக்குள் இறங்கியது, சீட்டாட்டம் இறங்கியது, மத்தியானத் தூக்கம் இறங்கியது, கட்டில் இறங்கியது, வெளியூரிலிருந்து கல்யாண ஜோடிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் எங்களுக்கு இடம் இருந்தது, அதன் பெயரைச் சொல்வதற்கு மட்டும் நாக்கு இல்லை. குளம் என்று சொன்னால் கையெழுத்து பொய்யாகிவிடும். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், அது ஒருவகை மேகம் என்றார், மேகத்தில் கெண்டை இருக்குமா சார் என்று யாரோ கேட்க, இருக்க வாய்ப்பு உண்டு என்றார், படித்த மனுஷன். கடைசியில் உத்திராபதிதான் தீர்த்துவைத்தார். கரையில் மூங்கில் நட்டு, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில், 'ஊராட்சி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. இங்கே குளிக்கக் கூடாது' என்று எழுதி மாட்டினார், திறப்புவிழாவுக்குக் கல் வைத்து அதில் தன் பெயரைப் பெரிதாகவும் தொட்டியின் பெயரைச் சின்னதாகவும் வெட்டினார்.

தொட்டி என்று ஆனபிறகு குழாய் போட வேண்டுமே. போட்டார்கள். மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சியது. கம்பெனியும் அடுத்த கிணற்றுக்காகப் பெரிய பம்பைக் கொண்டுவந்து வைத்தது, அதற்கும் அதே காற்று. பெண்கள் கரையில் நின்று, தண்ணீரின் பக்கச் சுவருக்குள் குடத்தை நுழைத்தார்கள், குடம் நனையாமலே திரும்பி வந்தது. சிங்காரவல்லி ஒருநாள் குடத்தோடு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. "என் குளத்துல ஒரு கொடம் எடுத்துக்குறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குடத்தை நுழைத்தாள், தளும்பத் தளும்ப வந்தது, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நாற்பது பேர் பார்த்தோம். விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் தலைக்கு மேல் அத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு, மறுநாளும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று குடுமிப்பிடி சண்டை போட்டோம்.

என் மனைவி செண்பகம் கேட்டாள், "ஒரு வார்த்தை சொன்னா நாக்கா தேஞ்சி போயிடும்? சொல்லிட்டு ஒரு கொடம் மொண்டுட்டு வாங்களேன்."

"கையெழுத்துப் போட்டாச்சுடி."

"கையிதானே போட்டுச்சு. வாயி சும்மாத்தானே இருக்கு."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினேன். எனக்கு உத்தியோகம் இருந்தது.

கிணறு தோண்டுவது நின்றுபோய்ப் பதினைந்து நாள் ஆனபோது, போரா தொப்பியோடு, என்னைக் கூப்பிடாமல், சிங்காரவல்லியைத் தேடித் தானே நடந்து போனார், நான் பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஆறு வருஷத்தில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. அவள் கரையில் கத்திரி விதையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்று கையை மேலே காட்டினார், "இது பேர் என்ன?"

"குளம்."

"கொலம்."

"கு-ள-ம்ங்க."

"குளம்," என்றார், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து நுழைத்தார், நிரம்பியது, அங்கேயே நின்று குடித்தார். பிறகு கேட்டார், "அப்போ குழி?"

"அது அளவுங்க. ஒரு எடம் எவ்வளவு பெருசுன்னு சொல்றதுக்கு. முந்நூறு குழின்னா ஒரு ஏக்கரு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே." அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணனைக் கேட்டுருக்கலாமே நீங்க."

போரா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன், அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார், அன்றைக்கே தன் பெயரில் தவறு நடந்ததாக மேலே எழுதிவிட்டார், என் பெயரை எழுதவில்லை.

அதனால்தான் கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். வயதில் சின்னவர், கண்ணாடி போட்ட அம்மா, சிரிக்காதவர். வேறொன்றும் சேர்ந்துகொண்டது, குழியைக் கம்பெனிக்கே நிரந்தரமாக எழுதிவைக்கும் காகிதம் அவர் மேஜையில் அன்று தயாராக இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் பதிவேட்டிலிருந்து குளம் என்ற சொல்லே போய்விடும், இரண்டு மா தோட்டத்துக்கு இனிமேல் எந்தக் காலத்திலும் தண்ணீர் இல்லை, சிங்காரவல்லியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வெயில் கொளுத்தியதால் விசாரணையைக் குழிக்குள், குளத்து நிழலிலேயே வைத்துக்கொண்டோம். மேஜை, பச்சை விரிப்பு, நாற்காலிகள், இருநூற்றுப் பதினான்கு பேர், எல்லாருக்கும் மோர்.

கோட்டாட்சியர் அண்ணாந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "தலைவரே, இது என்ன?"

"மேல்நிலைத் தொட்டிங்கம்மா. ஊராட்சிக்குச் சொந்தம்."

"தூணைக் காணோமே."

"புது டிசைனுங்கம்மா."

"அதோ, கறுப்பு விரிப்புக்கு அடியில படிக்கட்டு மாதிரி மேடு மேடா தெரியுது. குழிக்கு எதுக்குப் படித்துறை?"

"எறங்கி ஏறத்தாங்கம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர்பின் ஒருவராக எழுந்து வணக்கம் சொல்லி, தொட்டிங்க, தொட்டிதாங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள், ஹெட்மாஸ்டர் மட்டும் தன் மேகத்தைக் கைவிட மனமில்லாமல், தொட்டி வடிவ மேகம் என்று பதிவு செய்யச் சொன்னார். நானும் எழுந்தேன். தொட்டி என்றேன். குரல் பிசிறக்கூட இல்லை, அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேல் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

கடைசியாக சிங்காரவல்லி. "குளம்ங்க," என்றாள். "அது எறங்கறதுக்கு எடம் இல்லாமதான் மேல நிக்குது. இந்தக் கறுப்புப் பாயைச் சுருட்டிட்டா எறங்கிடும். எல்லாரையும் கரையேறச் சொல்லுங்க, எடுத்துக் காட்டுறேன்."

கோட்டாட்சியர் எங்களைப் பார்த்தார். "பாயைச் சுருட்டலாமா? தொட்டின்னா இறங்காது, நீங்க பயப்பட வேண்டாம். குளம்னு நினைக்கிறவங்க மட்டும் எழுந்து கரைக்குப் போகலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பது? பிட்டத்தை நாற்காலியிலிருந்து நாலு விரற்கடை தூக்கினாலே அது வாக்குமூலம் ஆகிவிடுமே. ஒரு பக்கம் சிங்காரவல்லி பிடித்தாள். மறு பக்கம் பிடிக்க ஊரில் ஆள் இல்லாமல், போரா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து பிடித்தார். புடவையை மடிப்பது போல இருவரும் எதிரெதிரே நடந்து நடந்து மடித்தார்கள், நாங்கள் நாற்காலியைத் தூக்கித் தூக்கி வழிவிட்டோம், படித்துறை வெளிப்பட்டது, ஐந்து வருஷம் மூச்சு முட்டிக் கிடந்த களிமண் வெளிப்பட்டது, மண் தெரிந்ததும் மேலே தண்ணீர் ஒரு தரம் அசைந்தது, பிறகு ஒரு சாண் இறங்கியது.

உத்திராபதி மோரைக் குடித்தார். "காத்துக்கு ஆடுது," என்றார்.

இன்னொரு சாண் இறங்கியது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். இன்னொரு சாண். நெட்டையாக இருந்தவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று முனகிக்கொண்டே எழுந்து, குனிந்தபடி படியேறிப் போனார், அவரிடம் மாடு கிடையாது. நாட்டாமைக்கு வயிற்று வலி வந்தது. பின்வரிசையில் ஒருவருக்கு ரேஷன் ஞாபகம், ஒருவருக்கு போன், ஒருவருக்குப் போனை எங்கோ வைத்த ஞாபகம், ஹெட்மாஸ்டருக்குப் பரீட்சை பேப்பர், சித்திரை மாசத்தில் என்ன பரீட்சையோ. யாரும் ஓடவில்லை, அவசரம் காட்டவில்லை, வேஷ்டியை இடுப்பில் சரி செய்துகொண்டு, ஒவ்வொரு சாணுக்கும் முப்பது பேராக, கௌரவமாக, முதுகை வளைத்து, மண்டியிட்டு, கடைசியில் நாலு காலில் தவழ்ந்து கரையேறினார்கள். உத்திராபதி கிட்டத்தட்டப் படுத்த நிலையில், "மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்தார். நான் காகிதக் கட்டு நனைந்துவிடும், பத்திரப்படுத்த வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கோட்டாட்சியர் கடைசி ஆளாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தானும் குனிந்து, நிதானமாகப் படியேறி வந்து கரையில் நின்றார். குளம் சத்தமில்லாமல் தன் இடத்தில் அமர்ந்தது. நாற்காலிகள் மிதந்தன. அவர் தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கரையில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து, நாங்கள் எல்லாரும் பார்க்க, 'குளம், முந்நூறு குழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சிங்காரவல்லியிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு தரம் படித்தாள், பிறகு அழுதாள், சத்தம்போட்டு அழுதாள். ஆறுதல் சொல்லும் யோக்கியதை யாருக்கும் இல்லாததால் ஆளுக்கொரு திசையைப் பார்த்தோம். போரா மட்டும் பக்கத்தில் போய், அடுத்த கிணற்றுக்குத் தண்ணீர் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "இருவது லாரி எடுத்துக்குங்க," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரே தரம்தான். அதையே சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணி ஓட்டிக்குங்க. சேத்தை இரும்புத் தொட்டியில வைங்க." இன்றுவரை அவர் அந்த இருபது லாரியைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊரே குடத்தோடு குளத்தங்கரையில் நின்றது. நம்ம குளம், நம்ம குளத்துத் தண்ணி என்று அத்தனை வாயும் பேசியது, நேற்றுவரை அந்தச் சொல்லுக்குக் கூசிய வாய்கள், பிறந்ததிலிருந்து வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மாதிரி பேசின. உத்திராபதி இடுப்பளவு தண்ணீரில் நின்று கொப்பளித்துத் துப்பிவிட்டு, "நம்ம குளத்துத் தண்ணி மாதிரி வருமாய்யா!" என்றார். குடங்கள் நிரம்பின, எல்லாருக்கும் நிரம்பின, யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, அந்தத் தண்ணீருக்குக்கூட ரோஷம் இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. செண்பகம் கையில் குடத்தைக் கொடுத்து, "நீங்களே போங்க, நான் போக மாட்டேன்" என்று தள்ளிவிட்டிருந்தாள். நான் வரிசையின் கடைசியில் நின்று, கடைசியாகப் படித்துறைக்கு வந்தேன். சிங்காரவல்லி மேல்படியில் உட்கார்ந்து, புருஷனுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். வா, இப்போதாவது கேள், காறித் துப்பு, குடத்தைப் பிடுங்கி உடை என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நின்றேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"படி வழுக்கும்ண்ணே," என்றாள். "பாத்து எறங்குங்க."

நான் பார்த்துத்தான் இறங்கினேன்.